ஒரு ஜீப் ஊரில் நிற்கட்டும்

அக்டோபர் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மொட்டக்கரடு விசிட். ஓடையில் தண்ணீர். மொபெட்டை இக்கரையில் நிறுத்திவிட்டு நடை, செருப்பு கையில்.

செல்லக்கிளி, தலைப்பிரசவம், எட்டு மாதம் முடிந்தது. பி.பி. 150/100. காலில் வீக்கம். இன்றே கம்பம் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். மாமியார் பேச்சியம்மா மசியவில்லை. மகனும் அவளும் கேரளாவில் ஏலத்தோட்ட வேலை. துணைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் கங்காணி வேறு ஆளை வைத்துவிடுவானாம். "வலி வரட்டும் நர்சம்மா, அப்பப் பாப்பம்."

வலி வந்தால் எதில் போவது? ஊரில் ஐந்து ஜீப். ஐந்தும் காலை ஆறுக்கே ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிவிடும். திரும்ப, சாயங்காலம் ஐந்து. நடுவில் ஊரில் ஒரு சக்கரம் கிடையாது. பஸ் நிற்கிற விலக்கு மூன்று மைல். ஆவணியில் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போன பெண் விலக்கு வரை தாங்கவில்லை.

வாங்க: இரும்புச்சத்து மாத்திரை, டார்ச் செல், வீட்டுக்குத் துவரம்பருப்பு.

19, செவ்வாய்

ஜீப் திரும்புகிற நேரம் பார்த்துப் போனேன். தினம் ஒரு வண்டி முறைவைத்து ஊரில் நிற்கட்டும் என்றேன். டிரைவர்கள் ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் போகாவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு வேறு வண்டி புகுந்துவிடும் என்றான் ராசு. நியாயம்தான்.

அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கிய பேச்சியம்மா: "அஞ்சு வண்டி ஆளும் நாலு வண்டியில நெருக்கி உக்காந்து போறோம். நிக்கிற வண்டி போற தோட்டத்துலயும் ஆளுகள எறக்கிவிடச் சொல்றோம். நிக்கிறவனுக்கு மத்தவங்க வாடகையில பங்கு குடுங்க." மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். நாளையிலிருந்து.

சந்தோஷம். கூடவே பயம். ஏற்கனவே ஜீப்புக்குப் பதினாறு பேர்.

20, புதன்

முதல் முறை. ஒரு வண்டி நின்றது. யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செ.கிளி பி.பி. அதேதான். மாமியாரைக் கேட்காமல் வரமாட்டாளாம்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் ஏற்பாட்டைச் சொன்னேன். அளவுக்கு மீறி ஏற்றி ஏதாவது ஆனால் நம் தலையில்தான் விடியும் என்றார்.

21, வியாழன்

ஆகிவிட்டது.

குமுளி ஏற்றத்தில், வளைவில் ஒரு ஜீப் வழுக்கிச் சுவரில் மோதியது. பின்னால் தொத்தி நின்ற மூன்று பெண்கள் விழுந்தார்கள். உயிருக்குப் பயமில்லை. அவர்களில் பேச்சியம்மாவுக்கு வலது கை முறிவு, மாவுக்கட்டு.

ஊருக்குள் போனேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ: "நல்லாருந்த பொம்பளைகளக் கெடுத்துப்புட்டாகளே." என்னைத்தான்.



22, வெள்ளி

ஆறு மணிக்கே அங்கே. மழை. இன்று ஊரில் நிற்க ராசுவின் முறை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூணு பேரு படுத்துக் கெடக்காக, இனி முறையும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்றான்.

பேச்சியம்மா வந்தாள், கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி. நேரே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கை ஒடிஞ்சது எனக்கு. நான் சொல்றேன், வண்டி இங்கன நிக்கட்டும். எவளும் பின்னால தொத்தாதீக. எடம் இல்லன்னா வீட்டுக்குப் போங்க." பெண்கள் இறங்கி மற்ற வண்டிகளுக்குப் போனார்கள். இடம் பற்றாமல் இரண்டு பேர் இன்றைய வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். ராசு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

பத்து மணிக்கு செ.கிளிக்குத் தலைவலி, கண் மங்கல். 180/120. இந்தத் தடவை பேச்சியம்மாவே முதலில் கிளம்பினாள். ஓடையில் தண்ணீர் பாதிச் சக்கரத்துக்கு. ராசு நிறுத்தாமல் விட்டான். பின்சீட்டில் பேச்சியம்மா ஒற்றைக் கையால் மருமகளின் தலையைத் தாங்கியபடி. கம்பம் ஆஸ்பத்திரி வாசலில் செ.கிளிக்கு வலிப்பு வந்துவிட்டது. உடனே ஊசி, ஆபரேஷன். விலக்குக்கு நடந்திருந்தால் பாதி வழியில் வந்திருக்கும்.

1.20. பெண் குழந்தை. இரண்டு கிலோ. தாய்க்கு நினைவு திரும்பவில்லை.

23, சனி

கண் திறந்துவிட்டாள். 140/90. மூன்று தடவை பார்த்தேன், நம்பாமல்.

பேச்சியம்மா இடது கையால் கஞ்சி ஊட்டுகிறாள். பாதி சேலையில். "நீங்க மொதல்ல சொன்னன்னைக்கே வந்திருக்கணும்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பவேயில்லை.

சாயங்காலம் மேலாபீசிலிருந்து எனக்கு மெமோ. விபத்துக்குக் காரணமான வாகன ஏற்பாட்டைச் செய்தது யார், எழுத்துமூலம் விளக்கம் தரவும். ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்ததாக எழுதிவிடு, பிழைத்துக்கொள்வாய் என்றார் டாக்டரம்மா. பொய்யும் இல்லை அது. பேச்சியம்மா பேரை எழுதினால் போதும்.

இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில்: ஏற்பாடு செய்தது நான். என் பேர், கையெழுத்து, தேதி.

மெமோவின் அடியில், எந்த விதியின்படி செய்தேன் என்று நிரப்ப ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டேன்.