நெபியோலோச் சரிவில் பெய்த ஆலங்கட்டி

மச்சான்,

தானே புயல் நம் முந்திரித் தோப்பை வேரோடு சாய்த்ததற்கு மறுவருஷம் நாம் இத்தாலிக்குக் கூலிக்குப் போனோம். இன்று அண்ணாகிராமத்துச் சாலையில் முந்திரிப்பழம் அழுகிப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், அந்த இத்தாலி கண்ணில் வந்து நின்றது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, உன் மகள் எழுதுகிறாள்.

பியெமோந்தே மலைச்சரிவு. வெயில் விழும் தெற்குப் பக்கம் முழுக்க நெபியோலோ திராட்சை. வெளுத்த களிமண், மழைக்கு வழுக்கும், வெயிலுக்கு வெடிக்கும். மற்றக் கொடிகளுக்கு முன்னே துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பின்னே ஐப்பசிப் பனிமூட்டத்தில் பழுக்கிற ரகம். அதன் புது ஒயினை ஒரு வாய் வைத்ததும், "முந்திரிப்பழம் மாதிரி தொண்டயக் கவ்வுதுடா" என்று துப்பினாய்.

ஆடியில் மேஸ்திரி பியேத்ரோ ஆளுக்கொரு கத்தரியைக் கொடுத்தான். கிளைக்கு ஒரு குலை விட்டு, மிச்சக் காயை வெட்டித் தரையில் போட வேண்டும். அப்போதுதான் இருக்கிற குலையில் சாறு கெட்டிப்படுமாம். நான் வெட்டினேன். நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"காச்சத வெட்டிக் கீழ போடவாடா கடல் தாண்டி வந்தோம்? புயல் செஞ்சது பத்தாதா?"

பியேத்ரோ கொடி கட்டும் கழியால் உன் வாயில் அடித்தான். பல் தெறித்தது. நீ அவனைத் தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, கத்தரி முனையைக் கழுத்தில் அழுத்தினாய். ரத்தம் கண்டதும் நான் நடுவில் கையை நுழைத்தேன்.

"கைய எடு மச்சான், வெட்டிருவேன்!"

"வெட்டு. மொதல்ல என்னுத வெட்டு."

வெட்டினாய். இரண்டு விரல் நரம்பு அறுந்தது. என் ரத்தம் அவன் முகத்தில் கொட்டியது. அதைப் பார்த்துத்தான் உன் பிடி தளர்ந்தது.

அதே நேரம், மேகத்தைக் கலைப்பதற்கென்று அடிவாரத்தில் வைத்திருந்த பீரங்கி முழங்கியது. மேகம் கலையவில்லை. ஆலங்கட்டி, முட்டை முட்டையாக. மூன்று பேரும் டிராக்டருக்கு அடியில் ஒண்டினோம். ஓய்ந்து வெளியே வந்தால், வெட்டிய வரிசை, வெட்டாத வரிசை என்ற பேதமில்லை. கொடியெல்லாம் வெறும் குச்சி.

பியேத்ரோ சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நீ ஓங்கி ஓர் அறை விட்டாய்.

"எழுந்திரிடா! நான் அழுதனா? உனுக்கு வேராவது நிக்குது."

தமிழ் தெரியாதவன் எழுந்து நின்றான்.

சிதம்பரத்தில் நீ கண்மூடிய சேதி கேட்டு அவன் போனில் முகம் காட்டினான். காலரை விலக்கிக் கழுத்துத் தழும்பைத் தொட்டான். நான் மடக்க முடியாத விரல்களைக் காட்டினேன். யாரென்று உன் மகள் கேட்டாள்.

"உங்கப்பன் கையால சாவாம போனவன்" என்றேன்.

அந்தச் சரிவில் ரத்தம் சிந்தியவர்களில், என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பவன் பியேத்ரோ.