விளக்கின் மேல் ஒட்டிய வசனம்

அன்பு மகள் ஜிஜாவுக்கு, பாறசாலையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே கார் ஒன்றைத் தவிர எல்லோரும் கர்த்தருடைய கிருபையால் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், என்னிடம் கேட்டதற்கும் அவரே பதில் சொல்கிறார். அதனால் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு சிபியின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கம்பெனிக் குறையால் எஞ்சின் போயிற்று என்று உன் அப்பா சொன்னார், நீயும் நம்பிவிட்டாய். நடந்ததைக் கேள். நீ வாங்கிக் கொடுத்து, போதகர் வந்து ஜெபம் பண்ணி எடுத்த கார் அல்லவா, சனிக்கிழமை தோறும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவார், டயருக்குக்கூடப் பாலிஷ் உண்டு. பானெட்டை மட்டும் ஒரு நாளும் திறந்ததில்லை. சர்வீசுக்கு விடுவோம் என்று உன் தம்பி நிஜின் சொன்னதற்கு, நல்ல வண்டியப் பிரிச்சுக் கெடுத்துப்போடுவானுவ என்று அவன் மேல் பாய்ந்தார். தன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தவறாத மனிதர், வண்டிக்கும் எண்ணெய் வேண்டும் என்று நினைக்கவில்லை பார். ஓணத்துக்கு முன்னால் பனச்சமூடு சந்தைக்குப் போகும்போது ஸ்டியரிங்குக்கு நேரே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, மூக்கு வைத்த கிண்டிச் செம்பு மாதிரி ஒரு படம். இது என்ன என்று கேட்டேன். நீ சும்மா இரி, அது ஏசிக்குள்ள லைட்டாக்கும் என்றார். ஓட்டும்போது அது கண்ணைக் குத்துகிறதாம். மறுநாள் சபைக் கன்வென்ஷனில் கொடுத்த வேதவசன ஸ்டிக்கரை எடுத்து, சரியாக அந்த விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார். பக்தியும் ஆயிற்று, கண்ணுக்கும் நிம்மதி. ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், உன் அப்பா வசனத்தில் மறைத்தார்.

போன மாதம் கோட்டுகாலில் உன் அப்பாவின் தங்கை புஷ்பபாய் மாமியின் மகனுக்குக் கல்யாணம். நெய்யாற்றின்கரை வரும்போதே முன்பக்கம் கடகடவென்று சத்தம். என்னமோ கேக்குதே என்றேன், அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். அதியன்னூர் தாண்டியதும் என்னவோ முறிந்தது போல ஒரு சத்தம், வண்டி அப்படியே நின்றுவிட்டது, புகையும் கருகின வாடையும். பட்டுச்சேலையோடு நான் ரோட்டோரத்தில் நிற்கிறேன், இவர் நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார். கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கும்போது கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்துவிட்டது. மாமியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு மெக்கானிக் ஜெயன் வந்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினான், நுனிகூட நனையவில்லை. எண்ணெ இல்லாம எஞ்சின் இறுகிப் பிடிச்சாச்சு மாமா, எண்ணெ லைட்டு எரிஞ்சிருக்குமே என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினான். வசனத்துக்கு அடியிலிருந்து சிவப்பாக எரிகிறது! ஜெயன் அதைத் தொடவில்லை. சாமி வசனமாக்கும், நான் எப்பிடிக் கிழிக்க, நீங்களே உரியுங்க என்று விலகி நின்றான். உன் அப்பாவே நகத்தால் சுரண்டி உரித்தார். இப்போது நெய்யாற்றின்கரைக்காரர்களிடம் தமிழ்நாட்டு ரோட்டுக் குழியில் விழுந்து கெட்டது என்கிறார், எல்லையிலுள்ள பனச்சமூட்டில் தமிழ்நாட்டு ஆட்களிடம் கேரள ரோட்டைக் குறை சொல்கிறார், உன்னிடம் கம்பெனியை. எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை எல்லாம் அடிக்கிறார்.

சிரித்தது போதும், இனி கோபமாகவே எழுதுகிறேன். புது எஞ்சின் போட வேண்டும் என்று அவர் சொன்னவுடனே, கிறிஸ்துமஸ் லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டபுள் டியூட்டி பார்க்கப் போகிறேன் என்றாயே, உனக்கென்ன கிறுக்கா? அதற்கு முன்னால் மாடி கட்டப் பணம் வேண்டும் என்று ஊருக்கு வரவில்லை, நிஜினைப் படிக்கவைக்க வேண்டும் என்று வரவில்லை, இப்போது ஒரு எஞ்சினுக்காகவா? உன்னை நேரில் பார்த்து மூன்று கிறிஸ்துமஸ் ஆயிற்று. அன்றைக்கு நைட் டியூட்டி முடிந்து வந்து, கால் வீங்கிக் கிடக்கும்மா, நிக்க முடியல்ல என்று சொன்னாய். நான் வாய் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கி, கர்த்தர் பெலன் தருவாரு மக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் எஞ்சின் பேச்சுக்கு வந்தார். அதுவும் விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய வேலைதான் மக்கா.

அதனால் லீவைத் திரும்பக் கேள். கார் பலாமரத்தடியில் கிடக்கட்டும், பின் சீட்டில் கோழி முட்டையிடுகிறது, அப்படியாவது பிரயோஜனப்படட்டும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் பஸ்ஸில் வந்து நிற்பேன். உன் அப்பாவும் வரட்டும், பெட்டி தூக்க ஆள் வேண்டுமே. நேரத்துக்குச் சாப்பிடு. நான்தான் நர்சாச்சே என்று சும்மா இருக்காமல் காலை டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும்.

உரித்த ஸ்டிக்கரை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் பசை தடவினால் ஒட்டும். அங்கே வேறு எதன் மேலும் ஒட்டாதே. ஊருக்கு வரும் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு வந்து சேர்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா சத்தியபாய்