கிழிந்த பெருந்தமனியும் என் மூக்கும்

6.5, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்தல். லேப் ஏசி அவுட்.

11.10. கீரமங்கலம் பூ விவசாயி சின்னையன், 46. நெஞ்சிலிருந்து முதுகுவரை துணி கிழிப்பது போல வலி. இசிஜியில் பெரிதாக ஒன்றுமில்லை. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் நெகட்டிவ். டாக்டர் 'வாய்வு' என்று எழுதி ஊசி. நானாக டி-டைமர் போட்டேன், உள்ளே ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டெஸ்ட். கருவியின் உச்ச அளவையே தாண்டியது.

குழாயில் கோடுவரை ரத்தம் நிரப்பியிருக்க மாட்டாய், அதான் தப்பாகக் காட்டுகிறது என்றார் டாக்டர். மறுபடி எடுத்தேன், கோடுவரை. அதேதான். பிரஷர் வலது கை 170, இடது 110. பெருந்தமனியின் உள்சுவர் கிழிகிறது, வேறென்ன? டி-டைமர் அடித்துச் சொல்லாது. சிடி ஸ்கேன் சொல்லும். தஞ்சாவூர் அனுப்பச் சொன்னேன்.

"நீ டெக்னீசியன். அத மட்டும் பாரு."

ரிப்போர்ட்டைச் சின்னையனின் தம்பி முருகேசனிடம் நீட்டினேன்.

"ரெண்டு தடவ ரத்தத்த உறிஞ்சிட்டு இப்ப ஸ்கேனா? எங்க அண்ணன் என்ன கறவ மாடா?"

"கொழா கிழியுதுய்யா. செத்துருவாரு."

மூக்கில் ஒரே குத்து. எலும்பு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டது. அண்ணனைக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வல்லத்திராக்கோட்டையில் சுளுக்கு எடுப்பவரிடம் என்றார் வாட்ச்மேன்.

மூக்கில் பஞ்சு, பைக். போனால் சின்னையன் குப்புறக் கிடக்கிறார், முதுகில் சுளுக்குக்காரரின் முழங்கால். எட்டி உதைத்தேன், அந்த ஆளை. எண்ணெய்க் கிண்ணம் பறந்தது. முருகேசன் என் கழுத்தை நெரித்தான். நான் அவன் கையைக் கடித்தேன். சின்னையன் மனைவி ஜெயா செருப்பால் முருகேசன் தலையில் நாலு போட்டார்.

"அவரு காலத் தொட்டுப் பாருடா. சில்லுன்னு கெடக்கு."

அதற்குப் பிறகுதான் கார் தஞ்சாவூர் கிளம்பியது.

7.5, புதன்

மூக்கு எலும்பு நகர்ந்திருக்கிறது. ஜெயா போன். சிடியில் இடுப்புவரை கிழிசல். ஆபரேஷன் மேசையில் நெஞ்சைத் திறக்கும்போதே இதயம் நின்றுவிட்டதாம். அழாமல் சொன்னார்.

சுளுக்கில் போனது ஒன்றரை மணி நேரம்.

இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர் மேசையில் அறைந்தேன். எனக்கு மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

10.5, சனி

முருகேசன் வந்தான். கொள்ளி வைத்த மொட்டைத் தலை. அடிக்கத்தான் வருகிறான் என்று ஸ்டூலைக் கையில் எடுத்தேன். உட்கார்ந்து, சட்டையை மடித்து, கையை நீட்டினான்.

"எங்க அப்பாவும் முதுகப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு. அப்பவும் சுளுக்குன்னுதான் சொன்னாங்க. எனக்கும் அந்த டெஸ்ட எடுங்க."

அறையலாம் போல இருந்தது. வலி இல்லாதவனுக்கு இந்த டெஸ்ட் உதவாது, எக்கோவும் சிடியும்தான் என்றேன்.

"அண்ணனுக்கு மூணும் பொட்டப் புள்ளைங்க. அதுகளுக்கும் வருமாங்க?"

வரலாம் என்றேன். திங்கள் காலை நாலு பேரும் எக்கோவுக்கு வரணும், வரலைன்னா வீட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவேன் என்றேன்.

"இழுத்துட்டுப் போங்க" என்றான்.