உறவுமுறை: அக்கா

குண்டசாலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விவேகானந்தன் எழுதிக்கொள்வது. சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். பதினெட்டு வருசமாக விசாரிக்காதவன் இன்று விசாரித்தால், ஏதோ காரியத்துக்காகத்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆமாம், காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

மகள் சஞ்சீவனி தாதிப் படிப்பை முடித்துவிட்டாள். வெளிநாட்டு வேலைக்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதன் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில்தான் கட்டலாமாம், அதுவும் இந்த மாதத்துக்குள். கண்டி டவுனில் ஒரு வங்கியில் கார்டுக்கு விண்ணப்பித்து மூன்று வாரமாகிறது. போனில் மெசேஜ் சத்தம் கேட்டாலே வீட்டில் எல்லோரும் எழும்பி வருகிறோம். பாதி நேரம் ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

மாநகர சபையில் இருபத்தைந்து வருசமாக ஊரார் விண்ணப்பங்களில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்புகிறவன் நான். என் விண்ணப்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே வீட்டில் வசிக்காத நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயர் கேட்டிருந்தார்கள். என் மனைவி நிஷாந்தியின் தம்பி எங்களோடுதான் இருக்கிறான், அவன் பெயரை எழுதினேன். அது சரிவராது என்றாள் வங்கியில் இருந்த பிள்ளை. வேறு யாரும் இல்லை என்றேன்.

பக்கத்தில் இருந்த நிஷாந்தி, "ஏன் இல்ல? அக்கா இருக்காங்களே" என்று தன் போனை எடுத்து உங்கள் நம்பரைக் காட்டினாள். 'தையல் அக்கா' என்று பதிந்து வைத்திருக்கிறாள். யாரோ சட்டை தைக்கிறவர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மாதம் இரண்டு தடவை பேசுவீர்களாமே. எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சரோஜினிதேவி என்று எழுதினேன். இப்போது கைரியா என்று நிஷாந்தி மெதுவாகச் சொன்னாள். கூடப் பிறந்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. வெட்டிவிட்டு எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். அந்தப் பிள்ளை இரண்டையும் வாசித்தாள், என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள், திருத்திய இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னாள்.

நேற்று வங்கியில் விசாரித்தேன். உங்களுக்கு இரண்டு தடவை அழைத்தும் நீங்கள் எடுக்கவில்லையாம். தெரியாத நம்பரை நீங்கள் எடுப்பதில்லை என்று நிஷாந்தி சொன்னாள். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசியாக அழைப்பார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நிஷாந்தியைக் கெஞ்சினேன். "இத மட்டும் நான் கேக்க மாட்டேன். நீங்களே கேளுங்க" என்றுவிட்டாள். போனில் உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இவரைத் தெரியுமா?

அம்மா செத்த அன்று நீங்களும் அஸீம் மச்சானும் புத்தளத்திலிருந்து விடிய விடிய பயணம் செய்து வந்து வாசல் கேட்டடியில் நின்றீர்கள். யார் என்று அயலவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "தெரியாது" என்றேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். நீங்கள் அழக்கூட இல்லை. கொண்டுவந்த பூமாலையை மதிலில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதை எடுத்து அம்மாவுக்குப் போட்டது நிஷாந்தி. எனக்கு அதற்கும் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை நீங்களும் தெரியாது என்று சொன்னால் அது நியாயம்தான். சஞ்சீவனியின் கட்டணத்துக்கு எங்கேயாவது ஓடி வேறு ஒரு வழி பார்ப்பேன். மற்றதற்கு எனக்கு வேறு வழி இல்லை. போனை எடுங்கள் அக்கா. தெரியும் என்று சொல்லுங்கள்.

மச்சானுக்கு என் வணக்கம். அவரை மச்சான் என்று எழுதுவது இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவை.

உங்கள் ஆசியை எதிர்பார்த்து,
தம்பி
விவேகானந்தன்