ஓவர்சீஸ் என்றால் என்ன அர்த்தம்

தி. நகர்
2-12-96

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை ஹரியும் குட்டி ஷ்ரேயாவும் ஹாங்காங்கில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் சிவா விஷ்ணு கோயிலில் விளக்குப் போட்டு வருகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன், ஆனால் சுகம் இல்லை லதா. பயப்படாதே, அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போன வாரம் போனில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு அப்பா ஏன் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார் என்று கேட்டாய். பூத்தில் பின்னாலேயே ஆட்கள் நின்றதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து பொறுமையாகப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

வருகிற ஜூலையில் வெள்ளைக்காரன் ஹாங்காங்கை சீனாக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். அங்கே இருக்கிற நம்மவர் கதி என்ன என்று தீபாவளிக்கு முன்னால் பேப்பரில் போட்டிருந்தான். அதைப் படித்த நாளிலிருந்து அப்பா கடைக்கு ஒழுங்காகப் போவதில்லை. தீபாவளிக் கூட்டத்தில் உஸ்மான் ரோட்டில் கால் வைக்க இடமில்லை, உன் தம்பி ஜவஹர் ஒருத்தனே கடையைப் பார்த்துக்கொண்டு தொண்டை கட்டிப்போய் வந்தான், இவரோ வீட்டில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டில் கை வைக்கிறார், எழுந்துவிடுகிறார்.

உனக்கு நினைவிருக்கும், நீங்கள் ரெண்டு பேரும் அந்தப் புது பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இங்கே வந்தபோது நான் எவ்வளவு குதித்தேன் என்று. சிங்கமும் குதிரையும் போட்ட அந்த அட்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்து அர்ச்சனை செய்து, தெரு முழுக்க லட்டு கொடுத்து, எங்க லதா லண்டன்காரி ஆயிட்டா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பிரிட்டிஷ் என்று போட்டுப் பக்கத்திலேயே ஓவர்சீஸ் என்று இருந்தது இல்லையா, அது ஏதோ மேல்பட்டம், சும்மா பிரிட்டிஷைவிட ஒரு படி உசத்தி என்றே நினைத்தேன். நம் தெருவில் ஒரு தையல்கடைக்காரன்கூட போர்டில் ஓவர்சீஸ் டெய்லர்ஸ் என்றுதானே போட்டிருக்கிறான், யார் நினைக்கமாட்டார்கள். அன்றைக்கு அப்பா லட்டை வாயில் வைக்கவில்லை. இந்திய பாஸ்போர்ட்டை என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டார், மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொல்கிறார், "ஓவர்சீஸ்னா மேல்பட்டம் இல்ல தங்கம், கடலுக்கு அந்தப் பக்கமே கெடன்னு அர்த்தம்." அந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் குடியிருக்க முடியாதாமே லதா. ராணி பெயரில் கொடுத்த பாஸ்போர்ட், ராணி ஊரில் செல்லாது என்றால் இது என்ன நியாயம், எனக்கு விளங்கவே இல்லை.

அப்பா ரங்கூனில் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது, ஏனென்றால் அவர் வாய் திறந்ததில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடமே போன மாதம்தான் சொன்னார். உன் தாத்தா அங்கே அரிசி மில்லில் மேற்பார்வை வேலை பார்த்தார். வெள்ளைக்காரனுக்கு பர்மா நெல் வேண்டும், அதை அரைக்கவும் மூட்டை தூக்கவும் வட்டிக்குக் கொடுக்கவும் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனான். பர்மாக்காரன் நிலமெல்லாம் கடனில் முழுகிப்போய் அவனுக்கு நம்மைக் கண்டாலே வயிற்றெரிச்சல், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரும் துறைமுகத்துக்கு ஓடினார்களாம். தாத்தா தன்னை பிரிட்டிஷ் பிரஜை, பிரிட்டிஷ் பிரஜை என்று கத்திக் கத்திச் சொன்னாராம். மேல் வகுப்பு டிக்கெட் வெள்ளைக்காரனுக்குப் போய்விட்டது, நம்மவர் வாங்குகிற மலிவான டெக் டிக்கெட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள், கூலிகள் கப்பல் ஏறிப் போய்விட்டால் துறைமுகத்தில் சாமான் இறக்க ஆளில்லையே என்று. அப்புறம் நடைதான். காடும் மலையுமாக நடந்தார்கள். அப்பாவுக்கு புஷ்பம் என்று ஒரு தங்கை இருந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. செருப்பு இல்லாமல் நடந்து கால் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, வழியிலேயே போய்விட்டாள். ஆள் வேண்டும் என்றால் கப்பல் அனுப்புகிறான், வேண்டாம் என்றால் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான், எங்க அப்பா கையிலும் காகிதம் இருந்தது, லதா கையிலும் இருக்கிறது என்று அப்பா அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை சொல்கிறார், யாரும் எங்களைத் துரத்தமாட்டார்கள், தங்கும் உரிமை இருக்கிறது, ஏதாவது இக்கட்டு வந்தால் பரிவோடு பரிசீலிப்பதாக லண்டனில் சொல்லியிருக்கிறார்கள் என்று. பரிவோடு பரிசீலிக்க நாம் என்ன பிச்சையா கேட்டோம். மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல வேலை, நல்ல வீடு, விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும். ஆனால் தங்க விடுவது வேறு, நம் ஊர் என்று சொல்வது வேறு. குழந்தையை நினைத்துப் பார். நீங்களாவது இங்கே பிறந்தீர்கள், அவளுக்கு அந்த ஊர்தான் ஊர், அந்த ஊரோ கைமாறப்போகிறது. கோட்டூர்புரத்தில் வக்கீல் கோதண்டபாணியைப் போய்ப் பார்த்தேன். விட்டுக்கொடுத்த குடியுரிமையைத் திரும்ப வாங்கலாம், ஆனால் இங்கே வந்து குடியிருந்துதான் கேட்கவேண்டும், வருஷக்கணக்கில் ஆகும், அங்கேயே உட்கார்ந்துகொண்டு நடக்காது என்று சொல்லிவிட்டார். ஆகட்டுமே, எத்தனை வருஷமானால் என்ன, மாடி போர்ஷனைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஜவஹரும் கடையில் அத்தானுக்கு இடமில்லையா என்கிறான். மாப்பிள்ளையால் இப்போது முடியாவிட்டால் நீயும் குழந்தையும் முதலில் வாருங்கள். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன் லதா.

இதையும் எழுதாமல் இருக்கமுடியவில்லை. நேற்று அப்பா பாண்டி பஜாருக்குப் போய் ஷ்ரேயாவுக்கு என்று ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். கால் அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கியிருக்கிறார், அடி தடிமனாக இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்க்கிறார். உடனே பார்சல் பண்ணு என்றார். அங்கே கிடைக்காத ஷூவா, எதற்கு என்று கேட்டேன். "நடக்க வேண்டி வந்தா?" என்றார். ஹாங்காங்கிலிருந்து பிள்ளை எங்கே நடந்து வருவாள், சுற்றிலும் கடல் என்று சொன்னேன். நான் பார்சல் பண்ணவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். குழந்தை இங்கே வந்து போட்டுக்கொள்ளட்டும்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நீ அங்கே குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. ஷ்ரேயாவுக்கு ராத்திரி பாலில் மஞ்சள் போட்டுக் கொடு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல்.

நீங்கள் மூவரும் எந்த ஊர்க்காரனிடமும் கை நீட்டாமல் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போன வருஷம் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தபோது உன் பாஸ்போர்ட்டில் விசா முத்திரையை அவர் பார்த்தார், டூரிஸ்ட் என்று போட்டிருந்தது. பெற்ற வீட்டுக்கு வருகிறவள் டூரிஸ்டா என்று அன்றைக்குச் சிரித்தார். இந்தத் தடவை விசாவுக்கு எழுதும்போது எதற்காக வருகிறாய் என்று கேட்டிருக்கும் இடத்தில் வேறு என்ன வேண்டுமானாலும் எழுது கண்ணு, அந்த வார்த்தையை மட்டும் எழுதாதே. அப்பா பார்ப்பார்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா தங்கம்