சாய்ந்து நின்றவருக்கு

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் யோகா வகுப்பில் பையைத் திறந்ததும் பித்தளை பாலிஷ் வாசம் அடித்தது. காலில் மாட்டி இழுக்க மாஸ்டர் கொடுத்த நாடா பிடிக்காமல், பித்தளைக் கொக்கி வைத்த உங்கள் பட்டாளத்து பெல்ட்டைத்தானே கொண்டுவருவீர்கள்? அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நான் வகுப்புக்கு வந்தது இன்றுதான். ராஜபாளையத்தில் பஸ் ஏறியபோதே இறங்கிவிடலாமா என்றிருந்தது.

முதுகுவலிக்காக என்னைச் சேர்க்க நீங்கள் வந்த இடத்தில் மாஸ்டர் உங்களையும் விரிப்பில் ஏற்றிவிட்டார். குதிகால், முட்டி, தோள் என்று எது ஒரு விரற்கடை விலகினாலும் விடமாட்டார் அந்த மனிதர். முதல் நாள் தாடாசனத்தில் நேராக நிற்கச் சொன்னார். உங்களுக்கு ஒரே சிரிப்பு.

"நிக்கதுக்கு ஒரு ஆசனமா? பட்டாளத்துல நின்னதுக்குத்தான எனக்குப் பென்ஷனே தாராக!"

மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சார், இடப்பக்கமா சாயுறீங்க" என்றார். உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே!

வீடு வந்ததும் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, வாசல் நிலையில் தொங்கவிட்டு, நூலுக்குப் பின்னால் விறைப்பாக நின்றீர்கள்.

"பாத்துச் சொல்லுட்டி."

"குண்டு நேராத்தான் தொங்குது. நீங்கதான் சாயுதிய."

"எல்லாம் ஒன் காதால வந்த வினை."

எனக்கு இடது காது கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து என் வலப்பக்கமே நின்று, நல்ல காதுக்குச் சாய்ந்து பேசிப் பேசி, உங்கள் உடம்பே அப்படிப் படிந்துவிட்டது. அதைக்கூடச் சாய்ந்துதான் சொன்னீர்கள்.

அதன் பிறகு மாஸ்டர் உங்கள் தோளை நிமிர்த்தாத நாளில்லை. அவர் அடுத்த விரிப்புக்குப் போனதும், "ஏட்டி, பொறவு பால்கோவா வாங்குவமா?" என்று மறுபடி சாய்வீர்கள். நம் ஊர் நாயின் வாலைக்கூட நிமிர்த்திவிடலாம், உங்களை முடியாது என்று எத்தனை முறை ஏசியிருப்பேன்.

இன்று என் வலப்பக்கத்தில் யாரும் விரிப்புப் போடவில்லை. தாடாசனத்தில் கண்ணை மூடி நின்றேன். உங்கள் குரலை மனது அப்படித் தேடியது. அப்போது மாஸ்டரின் கை என் தோளில் பட்டது.

"அம்மா, வலப்பக்கமா சாயுறீங்க."

நிமிர்ந்தேன். அவர் அடுத்த விரிப்புக்குப் போகும்வரை காத்திருந்து, மறுபடி சாய்ந்து, காது கொடுத்தபடி நின்றேன்.