வாயைத் திறக்காதவள்

கோபத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் மனு கொடுத்தது தெரிந்ததிலிருந்து நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். "ரிப்பேருக்காக நீ வேலை பார்க்கிற ஹோட்டலை மூடியிருக்காங்க, அவ்வளவுதான். சம்பளம் அது இதுன்னு போய் வாயைத் திறக்காதே" என்றீர்கள். சத்தியமாகத் திறக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குக் கால்தான் போனது, மனுவைக் கைதான் எழுதியது.

அதிகாரி முன்னால் மேனேஜர் பொரிந்து தள்ளினார். "தினக்கூலிக்கு வர்றவங்க சார். மூடிட்டா எங்களுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. மூடியிருக்கிற நாளுக்குப் பாதிச் சம்பளம் நிரந்தர ஆளுங்களுக்குத்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்படியா? எதிர்த்த ஆஸ்பத்திரி லாண்டரியில ஆள் கேக்குறாங்க. நாளைக்கே போய்ச் சேர்ந்துக்கம்மா" என்றார் அதிகாரி.

மேனேஜர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "அதெப்படி சார்? நாலு வருஷமா எங்க லாண்டரியே இந்தம்மா கையிலதான் ஓடுது. திறந்ததும் படுக்கை விரிப்புல கறை எடுக்க வேற யாரு இருக்கா? இந்தம்மா எங்க ஆளு சார்!"

"எழுதிக்கப்பா" என்றார் அதிகாரி, பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம்.

பாதிச் சம்பளம் எனக்கும் வருகிறது. உங்கள் அறிவுரையை அந்த மேனேஜர் மட்டும் கேட்டிருந்தால் வந்திருக்காது.

இனியாவது ஃபோனை எடுங்கள். நீங்களே பேசுங்கள், நான் 'ம்' மட்டும் கொட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத மனைவி